தலையால் வென்றவர்

நுழையும்முன்

சேர்வராயன் மலையில் சமதரை அரிது. இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைவோர் கண்ணில் முதலில் படுவது ஏரி; அதன்பின் மிளகுக்கொடி படர்ந்த மரங்களும் அவற்றின் நிழலில் வளரும் காப்பிச் செடிகளும். இவற்றுக்கு நடுவே கிடைத்த சமதரைகளை, 1917ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மான்ஃபோர்ட் பள்ளி போன்ற உறைவிடப் பள்ளிகள் ஆடுகளங்களாக ஆக்கிக்கொண்டன. மலைச்சரிவில் இருந்தாலும் சமவெளியில் இருந்தாலும், கால்பந்து ஆடும் களத்தில் ஒரு காட்சி தவறாது காணப்படும். உயர்ந்து வரும் பந்தை நோக்கி ஒரு மாணவன் எம்புகிறான், நெற்றியால் மோதுகிறான், பந்து திசை மாறுகிறது, தோழர்கள் ஆர்ப்பரிக்கிறார்கள். அந்த ஒரு நொடியில் நெற்றி எலும்புக்குப் பின்னால் நிகழ்வது என்ன என்று உலகம் நெடுங்காலம் கேட்கவில்லை. அக்கேள்வியைக் கேட்கவைத்த ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் சொல்கிறது.

சுரங்க ஊரின் மகன்

இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயர் மாவட்டத்தில் ஈஸ்ட்வுட் என்னும் சிற்றூர் உண்டு. நிலக்கரியை நம்பி வாழ்ந்த ஊர் அது. நாவலாசிரியர் டி.எச்.லாரன்ஸ் பிறந்த ஊரும் அதுவே. அவ்வூரில் 1942ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் ஜெஃப் ஆஸ்டில் பிறந்தார். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். போர் முடிந்து தெருக்களில் விளக்கெரியத் தொடங்கியபோது, அந்நாட்டுத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வாரம் ஒருமுறை கிடைத்த பெருமகிழ்ச்சி சனிக்கிழமைப் பிற்பகலின் கால்பந்துப் போட்டி. சுரங்கத்துக்குள் இறங்காமல் பிழைப்பதற்கு அவ்வூர்ச் சிறுவர்களுக்கு இருந்த வழிகள் சில. அவற்றுள் பந்தும் ஒன்று.

பதினேழாம் வயதில் நாட்ஸ் கவுண்டி என்னும் குழுவில் ஆஸ்டில் தொழில்முறை வீரரானார். உலகின் மிகப் பழைய தொழில்முறைக் கால்பந்துக் குழுக்களுள் ஒன்று அது. அக்குழுவோடு தொடர்புகொண்டிருந்த டாமி லாட்டன் என்பவர் இங்கிலாந்துக்காக 23 போட்டிகளில் 22 கோல்கள் அடித்தவர். தலையால் பந்தை ஆள்வதில் தம் காலத்தில் ஒப்பற்றவர் எனப் பெயர்பெற்றவர். இளம் ஆஸ்டில் அக்கலையை அவரிடம் கற்றார். குருவிடம் பாடம் கேட்ட மாணவர் குருவை விஞ்சினாரா என்பதைக் கால்பந்து அன்பர்கள் இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அதைக் கலை என்று சொல்வது மிகையன்று. பந்து வரும் வளைவைக் கணித்து, அது சேரும் புள்ளிக்கு ஒரு கணம் முன்பே தரையை விட்டு எழவேண்டும். முதுகு வில்லைப்போலப் பின்னால் வளையவேண்டும். கழுத்துத் தசைகள் இறுகவேண்டும், வாய் மூடியிருக்கவேண்டும், கண் மட்டும் திறந்திருக்கவேண்டும். உச்சந்தலை அன்று, மயிர்க்கோட்டுக்குக் கீழே உள்ள நெற்றிப்பட்டை பந்தைச் சந்திக்கவேண்டும். இவை அனைத்தும், இரு தற்காப்பு வீரர்கள் தோளால் இடித்துக்கொண்டிருக்கும்போது நிகழவேண்டும். இது ஒரே நாளில் வருவதன்று. நூறு முறை, ஆயிரம் முறை செய்து பழகினாலன்றி உடலில் ஊறுவதில்லை. ஆஸ்டிலும் அவ்வாறே பழகினார். போட்டியில் ஒருவர் தலையால் முட்டும் பந்துகளை எண்ணிவிடலாம். வார நாள்களில் பயிற்சித் திடலில் முட்டியவற்றை அக்காலத்தில் எவரும் எண்ணவில்லை.

பந்தும் மழையும்

அன்றைய பந்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். அது தோலால் தைக்கப்பட்டது. போட்டி தொடங்கும்போது அதன் எடை 14 முதல் 16 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 400 முதல் 450 கிராம் இருக்கவேண்டும் என்பது விதி. தொடங்கும்போது என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும். இங்கிலாந்தின் குளிர்கால மழையிலும் சேற்றிலும் ஒன்றரை மணிநேரம் உருண்ட தோல்பந்து நீரைக் குடித்துக் கனத்துவிடும். அந்நிலையில் அதன் எடையை அளப்பார் எவருமில்லை.

பின்னாளில் நீர் புகாத செயற்கைப் பந்துகள் வந்தன. அவை வந்தபின் தலைக்கு இடர் நீங்கிவிட்டது என்று பலரும் நம்பினர். அந்நம்பிக்கைக்கு வலுவில்லை. உலர்ந்த நிலையில் பழைய பந்துக்கும் புதிய பந்துக்கும் எடை ஏறத்தாழ ஒன்றே. நீர் ஏறாத பந்து விரைந்து பறக்கும். மோதலின் வலிமையை எடை மட்டும் தீர்மானிப்பதில்லை. வேகமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

ஆஸ்டில் வளர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில், இந்திய அணியினர் பெரும்பாலோர் காலணி இன்றி ஆடினர். பிரான்சுக்கு எதிரான அப்போட்டியில் இந்தியாவின் கோலை அடித்தவர் எஸ்.இராமன். அவர்களின் வெறுங்காலைக் கண்டு உலகம் வியந்தது. இரு அணியினரின் வெறுந்தலையைப் பற்றி வியக்க அன்று எவருக்கும் தோன்றவில்லை.

அரசர்

1964ஆம் ஆண்டு 25,000 பவுண்டு விலைக்கு வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் குழு ஆஸ்டிலை வாங்கியது. அடுத்த பத்தாண்டுகள் அவர் வாழ்வின் பொற்காலம். அக்குழுவுக்காக 361 போட்டிகளில் 174 கோல்கள் அடித்தார். ரசிகர்கள் அவரை அரசர் என்றே அழைத்தனர். 1966ஆம் ஆண்டு லீக் கோப்பையை வென்ற அணியில் அவர் இருந்தார். 1969-70ஆம் பருவத்தில் 25 கோல்களோடு முதற்பிரிவின் தலைசிறந்த கோலடிப்பாளர் ஆனார்.

1968ஆம் ஆண்டு எஃப்.ஏ. கோப்பைத் தொடரே அவர் புகழின் உச்சம். அத்தொடரின் ஒவ்வொரு சுற்றிலும் அவர் கோல் அடித்தார். வெம்ப்ளி அரங்கில் எவர்ட்டன் அணிக்கு எதிரான இறுதிப்போட்டி கோலின்றிச் சமநிலையில் முடிந்து, கூடுதல் நேரத்துக்குச் சென்றது. ஆஸ்டில் வலக்காலால் உதைத்த பந்து எதிரணி வீரர்மேல் பட்டுத் திரும்பி அவரிடமே வந்தது. வந்த பந்தை இடக்காலால் உதைத்தார். அது வலையின் மேல்மூலையில் பாய்ந்தது. அந்த ஒரு கோல் கோப்பையை வென்றது.

1970ஆம் ஆண்டு மெக்சிகோ உலகக்கோப்பைக்கான இங்கிலாந்து அணியில் இடம்பெற்றார். குவாடலஹாரா நகரில் பிரேசிலோடு போட்டி. பெலே ஆடிய பிரேசில் ஒரு கோல் முன்னிலை பெற்றிருந்தபோது மாற்று வீரராக ஆஸ்டில் களமிறங்கினார். இறங்கிய சிறிது நேரத்தில், எதிரே கோல்கீப்பர் மட்டுமே நிற்க, பந்து அவர் காலடிக்கு வந்தது. இடக்காலால் உதைத்தார், பந்து கம்பத்துக்கு வெளியே சென்றது. இங்கிலாந்து தோற்றது. தலையால் பேர்பெற்ற மனிதரைப் பற்றி மக்கள் மறவாமல் பேசியவை இரண்டு: ஒரு கோல், ஒரு தவறு. இரண்டையும் செய்தது அவருடைய இடக்கால். விதியின் குறும்பு எனலாம்.

குவாடலஹாரா ஏற்காட்டைப் போலவே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த நகர். அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. பந்தைத் தடுக்கும் காற்றுத்தடையும் குறைவு. சேலத்தில் உதைக்கும் அதே விசையில் ஏற்காட்டில் உதைத்தால் பந்து சற்று விரைந்தே வந்துசேரும். மலையில் ஆடுவோர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. உடல் தானே பழகிக்கொள்கிறது.

இங்கிலாந்துக்காக ஆஸ்டில் ஆடிய போட்டிகள் ஐந்தே. 1974ஆம் ஆண்டு ஆல்பியனை விட்டு நீங்கினார். தென்னாப்பிரிக்காவின் ஹெலெனிக் குழுவிலும் பின்னர் இங்கிலாந்தின் சிறு குழுக்களிலும் சிலகாலம் ஆடி ஓய்வுபெற்றார். அன்றைய கால்பந்து வீரர்க்கு இன்றுபோல் செல்வம் கொழிக்கவில்லை. அவர் தூய்மைப்பணித் தொழில் ஒன்றைத் தொடங்கினார். மூலை முடுக்குகளைத் தாம் தவறவிடுவதில்லை என்று தம் வண்டியில் எழுதிவைத்திருந்தார். மெக்சிகோவில் தவறிய பந்தை ஊரார் மறக்கவில்லை என்பதை அறிந்து, அதைத் தாமே நகைச்சுவையாக்கிக்கொண்ட மனிதர் அவர். 1990களில் ஒரு நகைச்சுவைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் முடிவில் வாரந்தோறும் பாடினார். குரல் சிறப்பானதன்று. ஆயினும் அவர் ஆடியதைப் பார்த்திராத ஒரு தலைமுறை அவரை விரும்பியது அப்பாட்டுகளால்தான்.

நழுவிய நினைவு

ஐம்பதுகளின் நடுவில் அவர் மாறத் தொடங்கினார். பெயர்கள் நழுவின. பின் முகங்கள் நழுவின. எந்நேரமும் கலகலப்பாக இருந்தவர் ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் உலாவினார். மருத்துவர்கள் மறதிநோய் என்றனர். முதியோர்க்கு வரும் நோய் அறுபதை எட்டாத ஒருவருக்கு வந்திருந்தது. தாம் கால்பந்து வீரராக இருந்ததே அவருக்கு நினைவில்லாமற் போயிற்று. 1968ஆம் ஆண்டின் கோலை இலட்சம் பேர் நினைவில் வைத்திருந்தனர். அடித்தவர் நினைவில் அது இல்லை. துணைவியார் லரெய்னும் மகள்களும் குழந்தையைப் பேணுவதுபோல அவரைப் பேணினர். 2002ஆம் ஆண்டு சனவரி 19ஆம் நாள் மகளின் வீட்டில் உணவு தொண்டையில் அடைத்து அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 59.

அந்நாட்டு வழக்கப்படி மரணவிசாரணை நடந்தது. அவ்வாண்டு நவம்பரில் விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பல ஆண்டுகள் பந்தைத் திரும்பத் திரும்பத் தலையால் முட்டியதால் மூளைக்கு நேர்ந்த சிறுசிறு காயங்களே நோய்க்குக் காரணம் என்றும், அது தொழிலால் வந்த நோய் என்றும் அவர் முடிவு செய்தார். சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலில் படியும் நிலக்கரித் தூசிக்கு வழங்கும் சொல்லை, ஈஸ்ட்வுட் ஊரின் மகனுக்கும் சட்டம் வழங்கியது. சுரங்கத்துக்குத் தப்பியவரைத் தொழில்நோய் ஆடுகளத்தில் வந்து சேர்ந்தது.

பெரும் அதிர்வை உண்டாக்கியிருக்க வேண்டிய தீர்ப்பு அது. ஆனால் ஓராண்டுக்குள் உலகம் அதை மறந்தது. கால்பந்து அமைப்புகள் அறிவித்த பத்தாண்டு ஆய்வு முற்றுப்பெறவில்லை. மகள் டான் ஆஸ்டில் மட்டும் மறக்கவில்லை. தந்தையின் மூளை பாதுகாக்கப்பட்டிருந்தது. அதை மீண்டும் ஆராய ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த நரம்பு நோயியல் அறிஞர் வில்லி ஸ்டுவர்ட் முன்வந்தார். 2014ஆம் ஆண்டு அவர் தம் முடிவைத் தெரிவித்தார். அது ஆல்சைமர் நோயன்று. அடிக்கடி அடிபட்ட குத்துச்சண்டை வீரர்களின் மூளையில் காணப்படும் நலிவு நோய், சுருக்கமாகச் சி.டி.இ. எனப்படுவது.

மூளை சொன்ன செய்தி

குத்துச்சண்டை வீரர்கள் சிலர் பிற்காலத்தில் தள்ளாடி நடப்பதையும் குழறிப் பேசுவதையும் 1928ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் எழுதியிருந்தார். ஆஸ்டில் இறந்த அதே 2002ஆம் ஆண்டில், நைஜீரியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பென்னட் ஒமாலு, அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையில் அந்நலிவைக் கண்டார். இரு நாடுகளில் இரு வேறு ஆட்டங்களை ஆடியவர்களின் மூளைகள், ஒன்றையொன்று அறியாமல், ஒரே செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தன.

அச்செய்தியை விளங்கிக்கொள்ள இளநீரை நினைத்துக்கொள்ளலாம். கடினமான ஓட்டுக்குள் நீரும் மென்மையான வழுக்கையும் இருப்பதுபோல, மண்டையோட்டுக்குள் மூளை ஒரு நீர்மத்தில் மிதக்கிறது. ஓட்டைத் திடீரென நிறுத்தினாலும் உள்ளிருப்பது உடனே நிற்பதில்லை. நெற்றியில் பந்து மோதும்போது தலை நொடிப்பொழுதில் வேகம் மாறுகிறது. மூளை சற்றுப் பின்தங்கிக் குலுங்குகிறது. பந்து பக்கவாட்டில் பட்டுத் தலை திருகினால் கேடு மிகுதி. மூளையின் ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கும் நுண்ணிய நரம்பிழைகள் அப்போது இழுபடுகின்றன.

ஒருமுறை இழுபட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. மயக்கமில்லை, குருதியில்லை, வலிகூட இல்லை. இதனால்தான் இது கண்ணில் படாமல் இருந்தது. மூளையதிர்ச்சி ஏற்பட்டால் ஆட்டக்காரர் தடுமாறுவார், வாந்தி எடுப்பார், ஒளியைக் கண்டு கூசுவார், அருகிலிருப்போர் அறிவர். தலைமுட்டின் சிறு அதிர்வு அவ்வாறு அறிகுறி காட்டுவதில்லை. ஆண்டுக்கணக்கில் அவை சேரும்போது சிலருடைய மூளையில் டௌ எனப்படும் புரதம் உருக்குலைந்து, மடிப்புகளின் ஆழத்தில் நுண்குருதிக் குழாய்களைச் சுற்றிப் படிகிறது. நரம்பணுக்கள் மெல்ல நலிகின்றன. இதனை உறுதியாகக் கண்டறிவது இறந்தபின் மூளையை ஆராய்வதால் மட்டுமே இயலும்.

ஒரே ஒரு மூளையைக் கொண்டு ஒரு விளையாட்டையே குற்றம் சாட்டுவது அறிவியலாகாது. ஸ்டுவர்ட் அதை அறிந்தவர். ஆகவே அவரும் அவர் குழுவினரும் ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் 7,676 பேரின் வாழ்வையும் இறப்பையும், அவர்களையொத்த பொதுமக்கள் 23,000 பேரோடு ஒப்பிட்டனர். முடிவு 2019ஆம் ஆண்டு வெளிவந்தது. வீரர்கள் இதயநோயாலும் நுரையீரல் புற்றுநோயாலும் இறப்பது குறைவாக இருந்தது. விளையாட்டின் நன்மைக்கு அது சான்று. ஆனால் நரம்பு நலிவு நோய்களால் அவர்கள் இறப்பது ஏறத்தாழ மூன்றரை மடங்காக இருந்தது.

ஈராண்டு கழித்து வந்த ஆய்வு இன்னும் நுட்பமானது. தலையால் பந்தை மிகுதியாகச் சந்திப்பவர்கள் தற்காப்பு வீரர்கள். அவர்களுக்கே நோய் மிகுதி, ஏறத்தாழ ஐந்து மடங்கு. பந்தைக் கையால் பிடிக்கும் கோல்கீப்பர்களுக்கோ பொதுமக்களைவிட நோய் மிகுந்திருக்கவில்லை. 2023ஆம் ஆண்டு வெளிவந்த சுவீடன் ஆய்வில் மிகுதி ஒன்றரை மடங்கே; அங்கும் கோல்கீப்பர்கள் தப்பினர். தலைமுட்டுதான் முழுக்காரணம் என்று இவை மெய்ப்பித்துவிடவில்லை. வீரர்கள் ஒருவர் தலையோடு ஒருவர் மோதுவதும் உண்டு. தரையில் விழுவதும் உண்டு. ஆயினும் ஒரே களத்தில், ஒரே உணவையும் ஒரே பயிற்சியையும் பெற்றவர்களுள் கைக்குப் பந்து வருபவர் தப்பி, தலைக்குப் பந்து வருபவர் நோயுறுகிறார் என்றால், ஐயத்தின் விரல் எத்திசையைக் காட்டுகிறது என்பது தெளிவு.

இளையோர் தலை

ஆஸ்டிலின் கதை தொழில்முறை வீரர் ஒருவரின் கதை. பள்ளி மாணவர்க்கு அதில் என்ன என்று கேட்கலாம். பெரியவர்களின் நோய்க்கான விதை எப்போது விழுகிறது என்பதே அக்கேள்விக்கு விடை. தலையால் முட்டும் கலையைப் பதினைந்து வயதுக்குள் கற்காதவர் பெரும் வீரராவது அரிது. அதனால் கணக்கு இளமையிலேயே தொடங்கிவிடுகிறது.

வளரும் பிள்ளையின் உடல் அமைப்பும் இதில் துணைசெய்வதில்லை. சிறுவனின் தலை, உடலோடு ஒப்பிட, பெரியது. அதைத் தாங்கும் கழுத்துத் தசை வலுவற்றது. வலிய கழுத்துடையவர் மோதும்போது தலையும் உடலும் ஒரே பொருள்போல நின்று அதிர்வைப் பகிர்ந்துகொள்ளும். மெலிந்த கழுத்தில் தலை மட்டும் தனித்து ஆடும். நரம்பிழைகளைச் சுற்றிக் காப்புறை அமையும் பணி இருபது வயதைக் கடந்தும் நடைபெறுகிறது. காப்பு முழுமை பெறாத இழை எளிதில் ஊறுபடும். பெண்களின் நிலையையும் தனியே கருதவேண்டும். பொழுதுபோக்காக ஆடிய ஆண்களையும் பெண்களையும் ஒப்பிட்ட 2018ஆம் ஆண்டு நியூயார்க் ஆய்வொன்று, ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் தலைமுட்டு செய்தவர்களுள் பெண்களின் மூளையில் மாற்றம் கண்ட பரப்பு ஆண்களுடையதைப்போல் ஐந்து மடங்கு என்று காட்டியது. அதே 2018ஆம் ஆண்டில்தான் தமிழ்நாட்டு மகளிர் அணி மணிப்பூரை வென்று தேசிய வாகையர் ஆயிற்று. நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் பந்தைத் தேடி வரும் காலத்தில் இவ்வறிவும் உடன் வந்திருப்பது நல்லது.

உடனடி விளைவும் ஒன்றுண்டு. 2016ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தார் 19 ஆட்டக்காரர்களிடம், மூலையுதையில் வருவது போன்ற வேகத்தில் பந்தை அனுப்பி இருபது முறை முட்டச் செய்தனர். உடனே வைத்த நினைவுத் தேர்வில் அவர்கள் திறன் 41 முதல் 67 விழுக்காடு வரை குறைந்தது. ஒரு நாளுக்குள் அது இயல்புநிலைக்குத் திரும்பியது. திரும்பியது என்பதில் ஆறுதல் இருக்கிறது. ஆனால் மாலையில் பயிற்சி முடித்து இரவில் பாடம் படிக்கும் மாணவர்க்கு அந்த ஒரு நாள் சிறிதன்று. நாள்தோறும் பயிற்சி நடந்தால் மூளை முழுதும் தேறும் முன்பே அடுத்த அதிர்வு வந்துவிடுகிறது.

அறிவு விதியாக மாறுவதற்குக் காலம் பிடித்தது. அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015ஆம் ஆண்டு, பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளோர் பந்தைத் தலையால் முட்டுவதைத் தடுத்தது. பதினொன்று முதல் பதின்மூன்று வயதுவரை பயிற்சியில் அளவு வைத்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து ஆகியவை 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியிலிருந்து தலைமுட்டை நீக்கின. பதினெட்டு வயதுவரை படிப்படியாக வரம்பு வகுத்தன. 2021ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பெரியவர்களுக்கும் வரம்பு வந்தது: வலுமிக்க தலைமுட்டுகள் வாரப் பயிற்சியில் பத்துக்கு மேல் வேண்டா என்றனர். ஆட்டத்தின் அழகு கெடும் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. தலைமுட்டே இல்லாத கால்பந்து, உப்பில்லாத உணவு என்பது அவர்கள் கருத்து. அக்கருத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆஸ்டிலே உயிரோடும் நினைவோடும் இருந்திருந்தால் அதை ஏற்றிருக்கவும் கூடும். ஆனால் வரம்பிட்டவர்கள் நீக்கச் சொன்னது ஆட்டத்தின் தலைமுட்டையன்று. பயிற்சித் திடலில் கணக்கின்றிச் செய்யப்படும் முட்டுகளை. போட்டிநாளின் ஐந்தாறு முட்டுகளைவிட வாரநாள்களின் நூறு முட்டுகளே பெருஞ்சுமை.

ஆடுகளத்தில் பழகுவோர்க்கும் பழக்குவோர்க்கும் இயன்றவை பல. கழுத்துத் தசைக்கான பயிற்சியை முதலில் தந்து, முட்டும் முறையைக் காற்றுக் குறைந்த பந்தாலோ மென்பந்தாலோ கற்பிக்கலாம். வயதுக்கேற்ற அளவில் சிறிய பந்தைத் தரலாம். ஒரு நாள் முட்டுப்பயிற்சி நடந்தால் அடுத்த சில நாள்கள் அதை ஒழித்துவைக்கலாம். எத்தனை முட்டு என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதலாம். ஆட்டத்தின் நடுவே தலையில் அடிபட்டவர் தலைச்சுற்றல், குழப்பம், வாந்தி, பார்வை மங்கல் ஆகியவற்றுள் ஒன்றைக் காட்டினாலும் அன்று மீண்டும் களமிறங்குதல் கூடாது, மருத்துவர் பார்க்கவேண்டும். முதல் அதிர்ச்சி ஆறுமுன் இரண்டாவது நேர்ந்தால் இளம் மூளை வீங்கி உயிருக்கே கேடு வரலாம். அணி தோற்றுவிடும் என்ற அச்சத்தில் வலியை மறைக்கும் மாணவர்கள் எல்லாப் பள்ளிகளிலும் இருக்கிறார்கள். மலை ஊர்களில் இன்னுமொரு கவனம் தேவை. அங்கிருந்து பெரிய மருத்துவமனையை அடைய வளைவுகள் பல கடக்கவேண்டும். மாலைப் பனியில் அவ்வழி இன்னும் நீளும். இரவுவரை பொறுத்துப் பார்ப்போம் என்னும் எண்ணம் அங்கே சமவெளியைவிட ஆபத்தானது.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950ஆம் ஆண்டு மருத்துவர் பி.இராமமூர்த்தி நரம்பியல் அறுவை மருத்துவத்தைத் தொடங்கினார். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில், தலைக்காயங்களைப் பற்றி நூல் எழுதிய ரோபோதம் என்னும் அறிஞரிடம் அவர் பயின்றவர். கண்ணுக்குத் தெரியும் தலைக்காயத்தைக் குணப்படுத்தும் அறிவு தமிழகத்துக்கு அவ்வாறு வந்துசேர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத காயத்தைப் பற்றிய அறிவு வருவதற்கு மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

வாயிலில் ஒருவர்

ஆஸ்டில் மறைந்த மறுநாள் ஆல்பியன் அணிக்குப் போட்டி இருந்தது. அன்று கோல் அடித்த வீரர் தம் மேலாடையை உயர்த்தி, உள்ளே அணிந்திருந்த ஆடையில் இருந்த ஆஸ்டிலின் உருவத்தைக் காட்டினார். 2003ஆம் ஆண்டு அக்குழுவின் ஹாதோர்ன்ஸ் அரங்கில் ஆஸ்டிலின் பெயரால் வாயில்கள் அமைக்கப்பட்டன. 2015ஆம் ஆண்டு ஏப்ரலில் நடந்த ஒரு போட்டியில் அணியினர் 1968ஆம் ஆண்டின் சீருடையைப் போன்ற உடை அணிந்து ஆடினர். அன்றே அவர் பெயரில் ஓர் அறக்கட்டளையும் தொடங்கப்பட்டது. முன்னாள் வீரர்களின் குடும்பங்கள் பல டான் ஆஸ்டிலைத் தேடி வந்தன. தங்கள் கணவரும் தந்தையும் அதேபோல் பெயர்களை மறக்கத் தொடங்கியிருப்பதை அவர்கள் அவரிடம் சொன்னார்கள். தங்கள் வீட்டில் மட்டும் நேர்ந்த துயர் என்று ஒவ்வொரு குடும்பமும் அதுவரை எண்ணியிருந்தது.